தலைவரியும் ஊழியமும்
ஓர் ஆங்கிலச் சொல்லின் பிறப்பு

தொலைபேசி மணி ஒலிக்கின்றது. எடுத்துக் காதில் வைத்தால் மறுமுனையில் மனிதர் இல்லை. முன்னரே பதிவு செய்யப்பெற்ற குரலொன்று வினாக்களை அடுக்கிச் செல்கின்றது. ஆம் என்பார் ஒன்றாம் எண்ணையும், அன்று என்பார் இரண்டாம் எண்ணையும் அழுத்த வேண்டும். சில நொடிகளிற் குரல் நன்றி கூறி மறைகின்றது. பொறியைக் கொண்டு இங்ஙனம் நடத்தப்பெறும் கருத்துக் கணிப்பினை அமெரிக்கர் 'றோபோபோல்' என வழங்குவர். இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பரவிய புதுச்சொல் இது. ஆயினும் இதனைப் பிரித்து நோக்குவார்க்கு உள்ளே கிடப்பவை மிகப் பழைய இரண்டு சொற்கள். ஒன்று தலையைக் குறிப்பது; மற்றையது கட்டாய உழைப்பைக் குறிப்பது. ஒல்லாந்தர் காலத்தில் ஈழத்துத் தமிழ்க் குடிகள் இறுத்த இருபெருஞ் சுமைகளுக்குத் தலைவரி என்றும் ஊழியம் என்றும் பெயர். அவ்விரு சுமைகளும் ஒருங்கே சேர்ந்து இன்றைய தொலைபேசிக் கணிப்பின் பெயராகி நிற்றல் வியப்புக்குரியது.

பின்மொழியாகிய 'போல்' என்பதை முதற்கண் ஆராய்வோம். இதனைத் தமிழின் உவம உருபோடு மயங்குதல் வேண்டா. ஏறக்குறைய கி.பி. 1300ஆம் ஆண்டளவில் ஆங்கிலத்தில் வழங்கிய இச்சொல் தலையை, சிறப்பாக மயிர் வளரும் உச்சந்தலையைக் குறித்தது. ஒல்லாந்த மொழியிலும் வடசேர்மன் பேச்சுமொழிகளிலும் உச்சி என்னும் பொருளில் இதற்கு உறவுச் சொற்கள் உள. தலைமயிரைக் கழித்தல், மாட்டின் கொம்பைக் குறைத்தல், மரத்தின் கொப்புகளை உச்சியோடு வெட்டுதல் ஆகிய தொழில்களையும் இச்சொல்லே பின்னர்க் குறித்தது. தமிழில் மொட்டை என்னுஞ் சொல் தலைக்கும் மரத்துக்கும் பொதுவாய் நிற்பதை இங்கே ஒப்பு நோக்கலாம். ஒருவர் தம் பெயரை மாற்றிக்கொள்ள எழுதும் உறுதியை ஆங்கிலச் சட்டத்தார் 'டீட் போல்' என்பர். ஓரம் நெளிவின்றி நேராய்க் கத்தரிக்கப்பட்ட பத்திரம் என்பதே அதன் பொருள். ஓரம் மொட்டையாதலின் அப்பெயர் பெற்றதேயன்றி, நம்மவர் மொட்டைக் கடிதத்தோடு அதற்கு யாதொரு தொடர்பும் இல்லை.

இச்சொல் ஒளிந்து கிடக்கும் இடம் இன்னும் ஒன்று உண்டு. தவளைக் குஞ்சுக்கு ஆங்கிலத்தில் 'ராட்போல்' என்று பெயர். தேரையைக் குறிக்குஞ் சொல்லும் தலையைக் குறிக்குஞ் சொல்லும் புணர்ந்து அப்பெயர் ஆயிற்று. உடல் முழுதும் தலையாகத் தோன்றுதலே காரணம். தமிழர் அதனைத் தலைப்பிரட்டை என்றனர். ஒருவரையொருவர் அறியாத இரு மக்கட் கூட்டத்தார் ஒரே குளத்தை எட்டிப் பார்த்து ஒரே உறுப்பாற் பெயரிட்ட செய்தி இது.

ஒலி ஒப்புமை ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு சொல்லாராய்வார் சிலர் உளர். அன்னார் சிங்களத்திற் தேங்காயைக் குறிக்கும் 'பொல்' என்னுஞ் சொல்லைக் கண்டவுடன், தேங்காயும் உருண்டை, தலையும் உருண்டை எனத் துள்ளியெழக் கூடும். ஆங்கிலச் சொல்லுக்கும் சிங்களச் சொல்லுக்கும் இடையே வரலாற்றுத் தொடர்பு எதுவும் இல்லை. ஒலி ஒத்தல் தற்செயல்; வழக்காற்றுச் சான்றே முடிபு.

தலையைக் குறித்த சொல் எண்ணிக்கையைக் குறிக்கத் தொடங்கிய வரலாறு வரியோடு பிணைந்தது. பிரான்சுடன் நெடும்போர் நடத்திய ஆங்கில அரசு 1377ஆம் ஆண்டில் தலைக்கு நான்கு பென்சு வீதம் வரி விதித்தது. 1379இல் இரண்டாம் முறையும், 1380ஆம் ஆண்டின் இறுதியில் மூன்றாம் முறையும் தலைவரி விதிக்கப்பட்டது. மூன்றாம் வரி தலைக்குப் பன்னிரண்டு பென்சு, அஃதாவது முதல் வரியின் மும்மடங்கு. அப்பொழுது நிகழ்ந்தது வரலாற்று மாணவர் ஊன்றி நோக்கத்தக்கது. 1377இல் வரி இறுத்தோர் தொகை ஏறக்குறைய 13 இலட்சத்து 55 ஆயிரம். 1381இல் எழுதப்பட்ட தொகையோ ஏறக்குறைய 9 இலட்சம். நான்கே ஆண்டுகளில் நான்கரை இலட்சம் தலைகள் காணாமற் போயின! பஞ்சமோ கொள்ளைநோயோ அவற்றை அத்துணை விரைவிற் கொண்டு செல்லவில்லை. வரி இறுக்க வேண்டிய வயதெல்லை சிறிது உயர்ந்ததும் இதற்கு ஈடாகாது. விதவைத் தாயும் மணமாகாத மகளும் உடன்பிறந்தாளும் ஏட்டில் ஏறாது மறைக்கப்பட்டனர். மறைந்தாரைத் தேட அரசு ஆணையாளரை ஊர்களுக்கு அனுப்பியது. அதன் பயனாக 1381ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வாற் ரைலர் என்பான் தலைமையிற் குடியானவர் திரண்டெழுந்து இலண்டன் மாநகருட் புகுந்தனர். ரைலர் வெட்டுண்டு வீழ்ந்தான், கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. எனினும் எண்ண வருபவன் எடுக்க வருபவனே என்னும் அச்சம் குடிகளின் உள்ளத்திற் பதிந்துவிட்டது.

இவ்வச்சம் ஆங்கில நாட்டுக்கே உரியதன்று. போர்த்துக்கேயர் ஈழத்தின் கரையோரங்களைக் கைப்பற்றியபோது தோம்பு எனப்படும் பதிவேட்டு முறையைக் கொண்டு வந்தனர். ஒல்லாந்தர் அதனை விரிவாக்கி இருவகைப்படுத்தினர். நிலங்களை எழுதியது நிலத் தோம்பு. குடும்பத்தாரைப் பெயர் பெயராக எழுதியது தலைத் தோம்பு. ஒரு மனையில் யார் யார் உளர், அவர் அரசுக்குச் செய்யக் கடவன எவை என்பனவெல்லாம் தலைத் தோம்பில் இடம் பெற்றன. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தத் தளபதி ஹென்றிக் சுவார்டக்கிறோன் 1697இல் எழுதிவைத்த அறிக்கையில், நிலவரி முதலிய வருவாய்களோடு தலைவரியும் பேசப்படுகின்றது, ஊழியமும் பேசப்படுகின்றது. ஊழியமாவது குறித்த சில குலத்தார் ஆண்டுதோறும் குறித்த நாள்கள் கும்பனிக்குக் கூலியின்றி உழைத்தல். உழைக்க வாராதார் அதற்கு ஈடாகப் பணம் இறுத்தல் வேண்டும்.

திருகோணமலைப் பகுதியில் நிலைமை ஓரளவு வேறுபட்டது. கோட்டையும் துறைமுகமும் ஒல்லாந்தர் வசமிருப்பினும், கொட்டியாரம், தம்பலகாமம், கட்டுக்குளம் ஆகிய பற்றுகளிற் காடும் குளமும் வன்னிபங்களும் அவர் கையை நெடுங்காலம் தடுத்து நின்றன. திருகோணமலையில் ஒல்லாந்தத் தலைவராயிருந்த வான் சென்டன் என்பார் 1786இல் இப்பற்றுகளிற் சுற்றுலா வந்து ஊர்களையும் வயல்களையும் குளங்களையும் தம் நாட்குறிப்பில் எழுதினார். அவர்க்கு முன்னரே அவ்வூர்களிற் கடமைகளின் பட்டியல் ஒன்று வழங்கி வந்தது. கவிராச வரோதயர் இயற்றியதாகக் கொள்ளப்படும் கோணேசர் கல்வெட்டு, குளக்கோட்டன் கோயிலுக்கெனக் குடியேற்றிய தானத்தார், வரிப்பத்தார் ஆகியோரையும் அவரவர்க்குரிய தொழும்புகளையும் விரித்துரைக்கின்றது. அங்கேயும் தலைக்கொரு கடமை உண்டு. ஆயினும் அக்கடமைக்கு எதிரே மானியமும் மரியாதையும் நின்றன. கும்பனியின் ஊழியத்துக்கு எதிரே நின்றது தண்டம். பெயர்ப் பட்டியல் என்ற அளவில் இரண்டும் ஒன்றே எனக் கூறுவார் உளர். பட்டியலில் இருப்பவன் எதனைப் பெற்றான் என்று வினவாதார் கூற்று அது.

இனி முன்மொழியாகிய 'றோபோ' என்பதற்கு வருவோம். இது 'றோபோற்' என்பதன் குறுக்கம். எந்திர மனிதனைக் குறிக்கும் இச்சொல்லை உலகிற்கு அளித்தவர் செக்கு நாட்டு எழுத்தாளர் கரல் சாப்பெக். 1920இல் அவர் வெளியிட்டு 1921ஆம் ஆண்டு தை மாதத்திற் பிராக் நகரில் மேடையேறிய நாடகத்திற் செயற்கை மனிதரை ஆக்கி விற்கும் ஆலை ஒன்று வருகின்றது. அம்மனிதர்க்குப் பெயர் தேடிய கரல், இலத்தீன் மொழிச் சாயலில் உழைப்பாளி எனப் பொருள்படும் சொல்லொன்றை முதலில் எண்ணினார். அது செயற்கையாய்த் தோன்றவே, ஓவியராகிய தமையன் யோசேப்பு 'றோபோற்' என்னுஞ் சொல்லை எடுத்துக் கொடுத்தார். படைத்தவர் தாம் அல்லர், தமையனாரே என்பதைக் கரல் பிற்காலத்தில் வெளிப்படக் கூறினார்.

யோசேப்பு எடுத்தது செக்கு மொழியின் 'றோபோற்றா' என்னுஞ் சொல்லின் அடியை. நிலக்கிழானுடைய வயலிற் குடியானவன் கூலியின்றிச் செய்ய வேண்டிய கட்டாய உழைப்பே 'றோபோற்றா'. ஊழியம் என்பதற்கு இதனினும் நேரான ஐரோப்பியச் சொல் கிடைத்தல் அரிது. பொகீமியா நாட்டில் இச்சுமை மிகுந்து 1775இற் குடியானவர் கிளர்ந்தனர். அவ்வாண்டே பேரரசி மரியா திரேசா, கட்டாய உழைப்பு வாரத்துக்கு மூன்று நாளின் மிகலாகாது என ஆணையிட்டார். வாரத்தில் மூன்று நாள் என்பது சலுகையாகக் கருதப்பட்டதெனின் முன்னைய நிலையை உய்த்துணரலாம். 1848ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்தில், ஐரோப்பாவெங்கும் எழுந்த புரட்சிகளின் நடுவே, அவ்வுழைப்பு அங்கே முற்றாக ஒழிக்கப்பட்டது.

அந்த 1848ஆம் ஆண்டை இலங்கை மாணவர் வேறொரு காரணத்தால் அறிவர். கோல்புறூக்கின் பரிந்துரைப்படி 1832இல் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தை ஒழித்த ஆங்கில அரசு, பதினாறு ஆண்டுகள் கழித்து அதனை வேறு வாயிலால் உட்புகுத்தியது. தேசாதிபதி ரொறிங்ரன் பிரபுவின் வீதிச் சட்டம், 18 முதல் 55 வயது வரையுள்ள ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்தல் வேண்டும், அன்றேல் மூன்று சிலிங் இறுத்தல் வேண்டும் என்றது. உழைத்தால் ஊழியம், பணம் கொடுத்தால் தலைவரி. ஒல்லாந்தர் ஏட்டில் அடுத்தடுத்து இருந்த இரு சுமைகளும் ஒரே சட்டத்தில் ஒன்றாயின. பொகீமியக் குடியானவன் 'றோபோற்றா'விலிருந்து விடுபட்ட அதே ஆண்டில் இலங்கைக் குடியானவன் அதனுட் புகுத்தப்பட்டான். துவக்கு, நாய் முதலியவற்றுக்கும் வரி விதிக்கப்பட்டதால் வெறுப்பு மூண்டு, ஆடி மாதத்தில் மாத்தளையிலும் குருநாகலிலும் கிளர்ச்சி எழுந்தது. புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான். ஒடுக்கிய முறையின் கொடுமை இலண்டன் பாராளுமன்றத்தில் வினவப்பட்டு, ரொறிங்ரன் பதவியிழந்து 1850இல் நாடு திரும்பினார். வீதிவரியோ அவரோடு போய்விடவில்லை. 1920களின் தொடக்கத்தில் ஏ. ஈ. குணசிங்காவும் அவர் தோழரும் இறுக்க மறுத்துப் போராடும் வரை அது நிலைத்தது.

ஊழியம் என்னுஞ் சொல்லின் பிற்காலம் சுவையானது. இன்று ஊழியர் என்றால் மாதச் சம்பளம் பெறுபவர். 1958ஆம் ஆண்டின் சட்டத்தால் ஏற்பட்ட நிதியின் பெயர் ஊழியர் சேமலாப நிதி. கூலியின்றி உழைப்பதைக் குறித்த சொல், கூலிக்கு மேல் ஓய்வுக்கால நிதியும் பெறுபவரைக் குறிக்கலாயிற்று. செக்கு மொழியிற் கட்டாய உழைப்பைக் குறித்த சொல்லோ கூலி வேண்டாத பொறியின் பெயராயிற்று. ஒரு பொருட் சொற்கள் இரண்டு எதிரெதிர்த் திசையிற் சென்ற கதை இது.

'போல்' என்னுஞ் சொல் வரிக்காரனின் ஏட்டிலிருந்து தேர்தற் களத்துக்கு வந்தது பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில். கூச்சலையும் தூக்கிய கைகளையும் கொண்டு தேர்தல் முடிபு காண்டல் இயலாதவிடத்துத் தலைகளை ஒவ்வொன்றாக எண்ணினர். எண்ணும் அச்செயலே வாக்கெடுப்புக்குப் பெயராயிற்று. இங்கிலாந்தில் 1872ஆம் ஆண்டுச் சட்டம் வருங்காறும் வாக்காளர் தம் விருப்பத்தை எல்லாருங் கேட்க வாயாற் கூறினர். இன்னார் இன்னார்க்கு வாக்களித்தார் எனப் பெயர் சுட்டிய ஏடுகள் அச்சிட்டு விற்கப்பட்டன. நிலக்கிழானும் கடன் கொடுத்தவனும் அவற்றை வாங்கிப் படித்தனர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? தமிழ் வழக்கு இவ்விடத்து வேறுபடுகின்றது. வாக்கு என்பது வாயிற் பிறக்குஞ் சொல், கொடுத்தால் மீறலாகாதது. உத்தரமேரூரிற் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் கூறும் குடவோலை முறையில் எடுக்கப்பட்டதும் தலையன்று, பெயர் எழுதிய ஓலை. ஆங்கிலச் சொல் ஆளை எண்ணுகின்றது. தமிழ்ச் சொல் ஆளின் மொழியைக் கேட்கின்றது. சொல் அளவில் இவ்வேறுபாடு உண்மை. நடைமுறையில் தமிழரும் தலைகளையே எண்ணினர்.

இலங்கையில் 1931ஆம் ஆண்டு யூன் மாதத்தில் நடந்த அரசாங்க சபைத் தேர்தலே வளர்ந்தோர் யாவர்க்கும், ஆடவர்க்கும் பெண்டிர்க்கும், வாக்குரிமை அளித்த முதற்பொதுத் தேர்தல். அதற்கு முன் நூற்றுக்கு ஏறக்குறைய நால்வர்க்கே அவ்வுரிமை இருந்தது. எழுத்தறியாதார் பொருட்டு வேட்பாளர் ஒவ்வொருவர்க்கும் ஒரு நிறம் ஒதுக்கப்பட்டு, அந்நிறப் பெட்டியில் வாக்கு இடப்பட்டது. திருகோணமலை அந்நாளில் மட்டக்களப்போடு இணைந்த தொகுதி. 1947இலேயே தனித் தொகுதியாயிற்று. அடுத்த ஆண்டு, 1948இல், குடியுரிமைச் சட்டம் வந்தது. 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் ஏறக்குறைய 7 இலட்சத்து 80 ஆயிரம் பேர் இந்தியத் தமிழர் என எண்ணப்பட்டிருந்தனர். அவருட் பெரும்பாலோர் தேருநர் இடாப்பிலிருந்து நீக்கப்பட்டனர். குடிசன மதிப்பில் அவர்க்குத் தலை இருந்தது, இடாப்பில் இல்லை.

தேர்தலுக்கு முன்னரே முடிபை அறிய விழைந்தமை பத்திரிகைகளின் தொழில். அமெரிக்காவில் 1824ஆம் ஆண்டளவிலேயே இத்தகைய கணிப்புகள் தோன்றின. அவற்றுட் புகழும் இகழும் ஒருங்கே பெற்றது 1936இல் 'லிற்றரறி டைஜெஸ்ற்' என்னும் ஏடு நடத்திய கணிப்பு. தொலைபேசிப் பெயரேடுகளிலிருந்தும் மோட்டார் வண்டிப் பதிவுகளிலிருந்தும் முகவரி திரட்டி ஒரு கோடி பேர்க்கு அவ்வேடு மடல் விடுத்தது. இருபத்து மூன்று இலட்சத்தின் மேற்பட்டோர் மறுமொழி விடுத்தனர். அல்பிரட் லாண்டன் பெருவெற்றி பெறுவார் என்றது ஏடு. பெற்றவரோ பிராங்கிளின் றூஸ்வெல்ற், நூற்றுக்கு 61 வாக்கு வீதம். பெருமந்த காலத்தில் தொலைபேசியும் மோட்டாரும் உடையவர் வறியவர் அல்லர். வறியவர் உள்ளம் ஏட்டுக்கு எட்டவில்லை. மறுமொழி விடுத்தோரும் விடாதோரும் மனப்பாங்கில் ஒத்தவரல்லர் என்பது பின்னர்த் தெளியப்பட்டது. ஏறக்குறைய ஐம்பதினாயிரம் பேரையே வினவிய யோர்ச் கலப் வென்றவரைச் சரியாகக் கூறினார். இரண்டு ஆண்டுகளில் அவ்வேடு நின்றது. இருபது இலட்சந் தலையை எண்ணியும் பிழைபடலாம் என்பதற்கு ஆசிரியர் வகுப்பறையில் எடுத்துக்காட்ட இதனினும் சிறந்த நிகழ்ச்சி இல்லை.

அமெரிக்க வீடுகளுட் பெரும்பாலானவை தொலைபேசி பெற்றபின், 1970களில், எண்களைக் குருட்டுவாக்கிற் சுழற்றி வினவும் முறை நிலைபெற்றது. அதன்பின் வினவும் ஆளுக்குரிய சம்பளத்தையும் மிச்சம் பிடிக்கப் பொறி வந்தது. ஊழியக்காரனாகிய 'றோபோ', தலையாகிய 'போல்'உடன் கூடிய இடம் இதுவே. 1991ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம், உடன்பாடு பெறாது பொறிக்குரல் கைத்தொலைபேசியை அழைத்தலைத் தடுத்தது. ஆதலின் பொறிக்கு எட்டியவை கம்பித் தொலைபேசி வைத்திருக்கும் வீடுகளே. இளையோர் அதனைக் கைவிட்டனர், முதியோர் வைத்திருந்தனர். 1936ஆம் ஆண்டுப் பிழை வேறு உருவில் மீண்டது. மனிதர் அழைத்தாலும் மக்கள் பேச முன்வரவில்லை. பியூ ஆய்வு நிலையத்தின் தொலைபேசிக் கணிப்புகளுக்கு 1997இல் நூற்றுக்கு 36 பேர் மறுமொழி கூறினர். 2012இல் 9 பேர். 2018இல் 6 பேர். 1381இல் வரிக்காரனைக் கண்டு மறைந்த தலைகள் இப்போது வினாக்காரனைக் கேட்டு மறைகின்றன.

இலங்கையிலும் 1989இல் வந்த கைத்தொலைபேசி இன்று கடலில் வலைவீசுவார் மடியிலும் உண்டு. 2020ஆம் ஆண்டுத் தொற்றுக்காலத்தில் வீடுகளுக்குச் செல்லல் இயலாமையால் தொலைபேசி வழி வினவல் இங்கும் பெருகியது. ஆனால் எந்தக் கணிப்பும், பத்துப் பேரை வினவி ஆயிரம் பேரை அறிய, அந்த ஆயிரம் பேர் யாவர், எங்குளர் என்ற அடிக்கணக்கு வேண்டும். அதனைத் தருவது குடிசன மதிப்பு. இலங்கையில் 1871 முதல் அது எடுக்கப்பட்டு வருகின்றது. திருகோணமலை மாவட்டத்தில் 1981இல் ஏறக்குறைய 2 இலட்சத்து 56 ஆயிரம் பேர் எண்ணப்பட்டனர். 1991இல் மதிப்பு நடைபெறவில்லை. 2001இல் நடைபெற்ற மதிப்பு போர் காரணமாக இம்மாவட்டத்தில் முற்றுப்பெறவில்லை. 2012இலேயே மாவட்டம் முழுதும் மீண்டும் எண்ணப்பட்டு, தொகை ஏறக்குறைய 3 இலட்சத்து 80 ஆயிரம் என அறியப்பட்டது. இடைப்பட்ட 31 ஆண்டுகளிற் பிறந்தார், இறந்தார், கடல் கடந்தார், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் அள்ளுண்டார் எல்லாம் எண்ணாத காலத்தில் அடங்கினர்.

அக்காலத்தில் எண்ணுதலின் முகமும் மாறியது. நிவாரண அரிசியும் பருப்பும் தலைக்கு இவ்வளவு என அளக்கப்பட்டன. பதிவில் ஏறாதவன் பசித்திருந்தான். தோம்பிலிருந்து பெயரை மறைக்க முயன்றவர் வழிவந்தோர், அகதி அட்டையிற் பெயர் விடுபடாதிருக்க வரிசையில் நின்றனர். 2006இற் சம்பூரிலிருந்து பெயர்ந்தோர் கிளிவெட்டி முதலிய இடைத்தங்கல் முகாம்களில் வாழ்ந்தனர். 2012ஆம் ஆண்டில் மதிப்பாளர் வந்தபோதும் அவருட் பலர் முகாம்களிலேயே இருந்தனர். காணிகள் விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பத் தொடங்கியது 2015இல். ஆதலின் 2012ஆம் ஆண்டுத் தொகையில் அவர்தம் தலைகள் உண்டு. சம்பூரில் அவர்தம் தலைவாசல்கள் இல்லை.